சிஞ்ஞோரா வீட்டுப் பல்கனியில் கருவாடு

கையில் காசில்லாமல் ஐரோப்பிய நகரம் ஒன்றை அனுபவிப்பது எப்படி என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. அருங்காட்சியகம், சைக்கிள் என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான். கல்யாணங்களுக்குப் போங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலியின் பலெர்மோவில் கட்டடக்கலை படித்த காலத்தில் என் சனிக்கிழமைகள் அப்படித்தான் கழிந்தன. வெளியே வெயில் கொளுத்தும். கோயிலுக்குள் பளிங்குத் தரை, நல்ல குளிர்ச்சி, காசில்லாத ஓர்கன் இசை, முடிவில் வாசலில் சீனி பூசிய பாதாம்பருப்பு. மணமகள் பக்கத்தார் என்னை மணமகனின் ஆள் என்று நினைத்தார்கள். மணமகன் பக்கத்தார் மணமகளின் ஆள் என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் என்னை மற்றக் குடும்பத்தின் ரகசியம் என்று எடுத்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

மற்ற நாட்களுக்கும் வழி இருந்தது. பல்லரோ சந்தையில் கடை கட்டுகிற நேரத்துக்குப் போனால் அடிபட்ட பீச் பழங்களை ஒரு பை நிறைய அள்ளித் தருவார்கள். கடலைமாவைக் கிண்டி, தட்டையாக்கிப் பொரித்து, பாணுக்குள் வைத்துத் தரும் கடை ஒன்று பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ஒன்று தின்றால் பின்னேரம்வரை தாங்கும். கோப்பி குடிப்பதென்றால் கதிரையில் குந்தக்கூடாது, நின்றபடி குடித்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். மொண்டெல்லோ கடலில் பணக்காரர்கள் உடுப்பு மாற்றும் மரக்கூடுகள் முடிகிற இடத்தில் சும்மா குளிக்கிறவர்களுக்கென்று ஒரு துண்டு மணல் உண்டு. இப்படியாக நானும் ஒரு பிரபுதான், ஓகஸ்ட் பிறக்கும்வரை.

ஓகஸ்டில் பலெர்மோ மூடிவிடும். பல்கலைக்கழகம், மாணவர் உணவுச்சாலை, கடைகள் எல்லாவற்றுக்கும் பூட்டு. கல்யாணம்கூடக் குறைந்துவிடும். விடுதிக்காரர் எங்களை வெளியே விட்டுக் கதவைச் சாத்துவார்கள். இத்தாலிய மாணவர்கள் அம்மாவிடம் போனார்கள். என் அம்மா மன்னாரில். பஸ் இல்லை.

அங்கேதான் அக்கா வருகிறார். என் சித்தியின் மகள். லிபெர்த்தாப் பகுதியில் ஒரு பெரிய வீட்டில் வேலை. சமையல், துடைப்பு, இஸ்திரிக்கை எல்லாம் அவர்தான். வீட்டுக்காரியை நாங்கள் சிஞ்ஞோரா என்றுதான் சொல்வோம். பெயர் ஒன்று இருந்திருக்கும். கோடையில் குடும்பம் மொண்டெல்லோவில் இருக்கும் வீட்டுக்குப் போய்விடும், அக்காவும் கூடவே. நகரத்து வீட்டுப் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற அக்கா இடைக்கிடை பஸ் ஏறி வர வேண்டும். அந்த வெயிலில் அது பெரிய சீவன்போகிற வேலை. எனக்கோ படுக்க இடமில்லை. அக்கா இரண்டு கஷ்டத்தையும் ஒன்றாகப் பார்த்தார். சிஞ்ஞோராவுக்குச் சொல்லாமல் வீட்டுக் கதவுத் திறப்பை என் கையில் வைத்தார்.

அதற்குள் ஒரு பெரிய விஷயம் இருந்தது. அக்காவின் கணவரும் சின்ன மகளும் மன்னாரில் இருந்தார்கள். அங்கே அப்போது நிலைமை எப்படி என்று எழுதத் தேவையில்லை. அவர்களைக் கூப்பிடுவதற்கான அலுவல் குவெஸ்தூராவில், அதாவது எங்களைப் போன்றவர்களின் தங்கும் அனுமதியைப் பார்க்கும் பொலிஸ் கந்தோரில், நடந்துகொண்டிருந்தது. செப்டெம்பரில் சிஞ்ஞோரா தானே நேரில் வந்து, இவள் என் வீட்டில் வேலை செய்கிறாள், நம்பிக்கையான பெண், நான் பொறுப்பு என்று சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். சிஞ்ஞோரா வராவிட்டால் அலுவல் படுத்துவிடும். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் நான் அந்தத் திறப்பை வாங்கினேன். அப்போது எனக்கு இருபத்துச் சொச்சம் வயது. மூளை வேறு எங்கோ தபாலில் வந்துகொண்டிருந்தது.

அக்கா என்னை நிற்பாட்டி வைத்துச் சொன்னார்:

"இஞ்சை பார். நீ இருக்கிறது ஒரு சனத்துக்கும் தெரியக்கூடாது. படுக்கிறது குசினிக்குப் பக்கத்திலை இருக்கிற என்ரை அறையிலை. சமைக்கிறேல்லை. சிஞ்ஞோரா மோப்பம் பிடிச்சா நாய் தோத்துப்போகும்."

இன்னும் இரண்டு கட்டளைகள் இருந்தன. குசினிப் பல்கனியின் செர்ராந்தாவைத் தொடக்கூடாது. செர்ராந்தா என்பது கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மரச் சட்டங்களைக் கோத்துச் செய்த மறைப்பு. உள்ளே சுவரோரம் தொங்குகிற நாடாப் பட்டியை இழுத்தால் மேலே சுருண்டு ஏறும், விட்டால் இறங்கும். தரையைத் தொட்டதும் பக்கத்தில் கொக்கி விழுந்து மாட்டிக்கொள்ளும், கள்ளர் வெளியிலிருந்து தூக்க முடியாதபடி. அந்தப் பட்டி நைந்து போயிருந்தது.

மற்றது, பல்கனிக் கொடியில் துணி போடக்கூடாது. அந்தக் கட்டடங்களின் பின்பக்கம் ஒரு முற்றத்தைச் சுற்றி இருந்தது. எல்லா வீட்டுக் குசினிப் பல்கனியும் அதைத்தான் பார்க்கும். அங்கே வேலை செய்கிற பெண்கள் எங்கள் ஆட்களும் மொரீசியஸ் ஆட்களும்தான். உடுப்புக் காயப்போடுகிற சாட்டில் ஒருவரோடொருவர் கதைப்பார்கள். அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. பல்கனியின் முன்கொடியில் பெரிய துணி ஒன்று தனியாகத் தொங்கினால், வீட்டுக்காரி உள்ளே நிற்கிறாள், வாயைத் திறக்காதே என்று அர்த்தம். முற்றத்துக்கே அது சட்டம். அக்கா இதையும் விளக்கமாகச் சொன்னார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். அந்த நேரத்தில் என் கண் சிஞ்ஞோராவின் குளியல் தொட்டியில் இருந்தது.

அக்கா போனதும் நான் பிரபுவிலிருந்து இளவரசனானேன். அக்காவின் அறையில் படுக்கவில்லை. பெரிய அறையின் பளிங்குத் தரையில் சாரத்தை விரித்து, சிலுவையில் அறைந்ததுபோலக் கையைக் காலை நீட்டிப் படுத்தேன். தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் கழுத்தளவில் கிடந்து பரீட்சைக்குப் படித்தேன். பகலில் நகரம் முழுக்க எனக்கே. தெருவில் காரில்லை, தேவாலயங்களில் ஆளில்லை. மாலையில் பீச் பழத்தோடு வீட்டுக்கு வந்து, பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவேன். அந்த நாட்களில் ஐரோப்பாவில் என்னைவிட மலிவாகவும் வசதியாகவும் வாழ்ந்தவன் யாரும் இருந்திருக்க மாட்டான்.

பிறகு கருவாடு வந்தது.

ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் அம்மா கொடுத்தனுப்பியிருந்தார். பேப்பரில் சுற்றி, அதைப் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு, எல்லாவற்றுக்கும் மேலே துவாய் சுற்றி. அப்படி இருந்தும் அக்காவின் அலுமாரிக்குள்ளிருந்து அது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. ஒரு வருடமாக நான் கருவாட்டைக் கண்ணால் கண்டதில்லை. சமைக்கக்கூடாது என்பது கட்டளை. நான் கட்டளையை வரிக்கு வரி ஆராய்ந்தேன். குசினியில் சமைக்கக்கூடாது என்றுதானே அதற்குப் பொருள்? ஏன்? மணம் திரைச்சீலையில் ஏறும். அப்படியென்றால் வெளியே பொரித்தால்?

விடுதி அறையில் களவாகத் தேத்தண்ணி வைக்க என்னிடம் ஒரு சின்னக் காஸ் அடுப்பு இருந்தது. மதியம். முற்றம் வெயிலில் உறங்கிக் கிடந்தது. குசினி அடுப்பில் அரிசிப் பானையை ஏற்றி வைத்தேன். செர்ராந்தாவை முழங்காலுக்கு மேல் உயர்த்தவில்லை. முழுக்க உயர்த்தினால் வீடு திறந்திருப்பது தெரிந்துவிடுமே. அடுப்பையும் சட்டியையும் எண்ணெய்ப் போத்தலையும் கருவாட்டையும் தள்ளிவிட்டு, பின்னால் நானும் வயிற்றால் ஊர்ந்து வெளியேறினேன். கண்ணாடிக் கதவை எனக்குப் பின்னால் இழுத்துச் சாத்தினேன், மணம் உள்ளே போகக்கூடாது அல்லவா. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். எண்ணெய் காய்ந்தது. முதல் துண்டைப் போட்டேன். அந்தச் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டு என் கண் கலங்கியது.

கண் கலங்கி முடிவதற்குள் பின்னால் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். பட்டி அறுந்து, செர்ராந்தா தரைவரை வந்து விழுந்தது. பக்கத்தில் கொக்கி 'டக்' என்றது.

ஆபத்து வந்தால் சிலர் நிதானமாவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அந்தச் சாதியில்லை. முதலில் செர்ராந்தாவைத் தூக்கிப் பார்த்தேன். பிறகு அதைக் கெஞ்சிப் பார்த்தேன். தமிழில், இத்தாலியனில். நாலாம் மாடி. ஓரத்தில் ஒரு மழைநீர்க் குழாய் இறங்கிற்று. எட்டிக் கீழே பார்த்தேன், உடனே கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் குந்திவிட்டேன். கட்டடங்கள் கட்டப் படிக்கிற எனக்கு உயரம் ஆகாது. இதைப் பல்கலைக்கழகத்துக்கு நான் இன்னும் தெரிவிக்கவில்லை.

பிறகுதான் அரிசி நினைவுக்கு வந்தது.

உள்ளே அடுப்பில் அரிசி. வற்றும், கருகும், பானை உருகும், திரைச்சீலை பற்றும். இல்லாவிட்டால் பொங்கி வழிந்து நெருப்பை அணைக்கும், காஸ் வீடு முழுக்க நிரம்பும், பக்கத்து வீட்டுக் கிழவர் சிகரெட் பற்றவைப்பார். செய்திகளில் என் படம். அம்மாவுக்கு யார் சொல்லுவார்கள்? அக்காவின் கணவரும் மகளும் மன்னாரிலேயே, வாழ்நாள் முழுக்க. இப்படி அந்தக் கட்டடத்தை நான் மனதுக்குள் பலமுறை தரைமட்டமாக்கினேன். அந்த நேரம் பார்த்து மூக்கில் கருகல் மணம் ஏறியது. வந்துவிட்டது, அரிசி பற்றிவிட்டது என்று மாரில் கை வைத்தேன். கருகியது என் காலடியில் இருந்த கருவாடு. அடுப்பை நிற்பாட்டவில்லை.

நிற்பாட்டினேன். இருந்தாலும் அரிசியின் கருகல் மணம் எனக்கு வந்துகொண்டேதான் இருந்தது.

உதவிக்குக் கத்தலாம்தான். ஆனால் யார் வருவார்கள்? இத்தாலியர் யாராவது இருந்தால் மொண்டெல்லோவுக்கு டெலிபோன் எடுப்பார்கள். சிஞ்ஞோரா, உங்கள் பல்கனியில் சட்டை போடாத ஒரு கறுவல் மீன் பொரிக்கிறான் என்பார்கள். செப்டெம்பர் அத்தோடு முடிந்தது. பலெர்மோவுக்குக் காவலாக மலைமேல் குகையில் இருக்கும் புனிதையிடம் நேர்ந்தேன், வெறுங்காலோடு ஏறி வருகிறேன் என்று. கொஞ்ச நேரத்தில் நேர்த்தியைக் கூட்டினேன், சாப்பிடாமல் ஏறுகிறேன். இன்னும் கொஞ்ச நேரத்தில், இனி வாழ்நாளில் கருவாடே தொட மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்து, புனிதைக்கே அது நம்பிக்கையாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

அப்போது எதிர்ப் பக்கம் மூன்றாம் மாடியில் ஒரு செர்ராந்தா உயர்ந்தது. மொரீசியஸ் பெண் ஒருவர் தோய்த்த உடுப்போடு வந்தார். அக்கா அவரைப் பற்றிச் சொல்லியிருந்தார். படுக்கையில் கிடக்கும் ஒரு முதியவரைப் பார்க்கிறவர், நெற்றியில் பொட்டு, பூட்டன் காலத்தில் தமிழர், தேவாரம் தெரியும் ஆனால் தமிழில் தண்ணீர் கேட்கத் தெரியாது. எனக்குக் கடவுளே பொட்டு வைத்துக்கொண்டு வந்ததுபோல இருந்தது. சத்தம் போடப் பயம். கையை ஆட்டினேன். அவர் காணவில்லை. இடுப்பில் இருந்த சாரத்தை அவிழ்த்து (உள்ளே கட்டைக் காற்சட்டை போட்டிருந்தேன், பயப்பட வேண்டாம்) கொடி மாதிரி வீசினேன். கை நோகவே, அதை முன்கொடியில் அகல விரித்துக் கட்டிவிட்டேன், நன்றாகத் தெரியட்டும் என்று.

அவர் கண்டார். சாரத்தைப் பார்த்தார், வாயில் கை வைத்தார், வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்ச் செர்ராந்தாவை இழுத்துவிட்டார். கீழே எங்கோ ஒலித்துக்கொண்டிருந்த ரேடியோ நின்றது. பக்கத்தில் யாரோ கதைத்துக்கொண்டிருந்த குரலும் நின்றது. முழு முற்றமும் மூச்சை அடக்கிக்கொண்டது. என் கட்டைக் காற்சட்டைதான் காரணம் என்று நினைத்து வெட்கப்பட்டுச் சுவரோடு ஒட்டி நின்றேன். அக்கா சொன்ன சட்டம் என் தலையில் கடைசிவரை ஏறவில்லை. சாரத்தைக் கழற்றவுமில்லை. நன்றாகக் காற்றில் பறந்துகொண்டிருந்தது, வீட்டுக்காரி உள்ளே நிற்கிறாள் என்று.

அந்தப் பெண் என்ன செய்தார் என்பது பிறகுதான் தெரியும். அக்காவின் தம்பி உள்ளே இருப்பது அவருக்குத் தெரியும், ஒரு சனத்துக்கும் தெரியக்கூடாது என்று அக்கா முற்றத்தில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். சாரத்தைக் கண்டதும், சிஞ்ஞோரா எதிர்பாராமல் வந்து பெடியனைப் பிடித்துவிட்டார் என்று முடிவு செய்திருக்கிறார். உடனே மொண்டெல்லோவுக்கு டெலிபோன் எடுத்து, அக்காவின் காதில் சொன்னார்: உன் சிஞ்ஞோரா இங்கே வந்துவிட்டா.

அக்காவின் சிஞ்ஞோரா அந்த நேரம் அக்காவுக்கு முன்னால் கதிரையில் இருந்து கை நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்.

அக்கா டெலிபோனை வைத்துவிட்டு நின்ற நிலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு பக்கம் பாவமாகவும் ஒரு பக்கம் சிரிப்பாகவும் இருக்கும். யாரோ வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று மட்டும் விளங்கியது. பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன், போய் வருகிறேன் என்றார். சிஞ்ஞோரா நல்ல மனதோடு, இந்த வெயிலில் பஸ்ஸிலா, வா நான் காரில் கொண்டுபோகிறேன், எனக்கும் அலுமாரியிலிருந்து ஒரு தொப்பி எடுக்க வேண்டும் என்றார். அக்கா வேண்டாம் என்றார். சிஞ்ஞோரா கார்த் திறப்பை எடுத்தார்.

பல்கனியில் நிழல் ஒரு மூலைக்குச் சுருங்கியிருந்தது. நானும் மூலைக்குச் சுருங்கியிருந்தேன். இரும்புக்கூட்டு லிஃப்ட் ஏறிவரும் முனகல் கேட்டது. முன்கதவுப் பூட்டு திரும்பியது. அக்கா! செர்ராந்தாவில் வாயை வைத்து 'அக்கா' என்று கூப்பிட மூச்செடுத்தேன். அக்காவின் செருப்புச் சத்தத்துக்குப் பின்னால் குதியுயர்ந்த இன்னொரு சத்தம் வந்தது. மூச்சை அப்படியே விழுங்கித் தரையோடு தரையாகப் படுத்தேன். சட்டங்களின் இடுக்கால் இரண்டு சோடிக் கால்கள் தெரிந்தன.

அக்கா உரத்த குரலில், செபம் சொல்லும் இராகத்தில் தமிழில் தொடங்கினார்:

"யேசுவே, நீர் எங்கை நிண்டாலும் அங்கையே நில்லும். ஒரு அசுக்கு அசையாதேயும். மூச்சும் விடாதேயும், ஆமென்."

என்ன சொல்கிறாய் என்று சிஞ்ஞோரா கேட்டார். வீட்டுக்குள் வந்தால் சொல்லும் செபம் என்றார் அக்கா. என் வாழ்நாளில் நான் கர்த்தரைப்போல நடந்துகொண்டது அந்த ஒரு தடவைதான். அசையவில்லை.

அதுவரை செர்ராந்தாவைத் திற திற என்று மன்றாடியவன் இப்போது திறக்காதே திறக்காதே என்று மன்றாடினேன். மலைமேல் இருப்பவளுக்குக் குழப்பமாக இருந்திருக்கும். உள்ளே சிஞ்ஞோரா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஒன்று, இரண்டு. பிறகு என் நீளக் காற்சட்டை கதிரையில் கிடப்பதைக் கண்டார். குளியலறைக்குள் போய் என் சவர அலகைக் கண்டார். பெரிய அறையில் பீச் விதைகளைக் கண்டார். குசினிக்கு ஓடிவந்து அரிசிப் பானையைத் திறந்தார். உள்ளே பச்சைத் தண்ணீரில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. நான் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. அத்தனை நேரமும் நான் மணந்த கருகல் என் தலைக்குள் நடந்தது.

கள்ளர், என்றார் சிஞ்ஞோரா. வந்து குடியிருந்திருக்கிறார்கள், ஒருவேளை இன்னும் உள்ளே இருக்கிறார்கள். டெலிபோன் குசினிச் சுவரில்தான் இருந்தது. பொலிஸுக்கு எடுக்கக் கையை உயர்த்தினார். எனக்கு மரச்சட்ட இடுக்கில் அந்தக் கை தெரிந்தது. நகத்தில் பாதிக்குத்தான் சாயம் இருந்தது.

"வேண்டாம் சிஞ்ஞோரா," என்றார் அக்கா. இத்தாலியனில், மிக மெதுவாக. "அது என்ரை தம்பி. நான்தான் திறப்புக் குடுத்தனான்."

கை இறங்கியது. எப்போதிலிருந்து என்று சிஞ்ஞோரா கேட்டார். நீங்கள் போன நாளிலிருந்து என்றார் அக்கா. இப்போது எங்கே என்று கேட்டார். தெரியாது என்றார் அக்கா. அது உண்மை. ஆனால் ஒரு பொய்க்குப் பின்னால் வருகிற உண்மையை யார் நம்புகிறார்கள்? சிஞ்ஞோராவின் குரல் மாறிவிட்டது. இவ்வளவு நடந்த பிறகும் மறைக்கிறாயா என்றார். செப்டெம்பரில் எந்த முகத்தோடு நான் உனக்காகப் போய் நிற்பது என்றார்.

நான் படுத்துக் கிடந்தேன். அசையாமல் இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது, போய்விடுவார்கள். அக்கா ஆணியில் தொங்கும் சட்டைபோல நின்றார். அவரின் கால் விரல்கள் செருப்பைக் கவ்விப் பிடிப்பதை நான் இடுக்கால் பார்த்தேன். என் கை என்னைக் கேட்காமலே எழும்பிச் செர்ராந்தாவில் தட்டியது.

இத்தாலியனில் மன்னிப்புக் கேட்க நல்ல நல்ல வசனங்கள் எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"காலை வணக்கம், சிஞ்ஞோரா. தொந்தரவு செய்கிறேனா?"

பின்னேரம் ஆகியிருந்தது.

சிஞ்ஞோரா வந்து பட்டியை இழுத்தார். மிச்சப் பட்டியும் கழன்று அவர் கையோடு வந்தது. பிறகு கண்ணாடிக் கதவைத் திறந்து, கொக்கியை உள்ளிருந்து எடுத்துவிட்டு, அவரும் அக்காவும் உள்ளே தூக்க, நான் வெளியே தூக்க, அது ஒரு சாண் உயர்ந்தது. அக்கா தும்புத்தடியை இடையில் செருகினார். அந்த இடைவெளியால் என்னைவிட முதலில் போகக்கூடியது சட்டிதான். அது என் வழியில் இருந்தது, ஆகவே தள்ளிவிட்டேன். சிஞ்ஞோரா கருகின கருவாட்டுச் சட்டியை இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து பார்த்தார். அதற்குப் பின்னால் என் தலை. தலை வந்தது, காது நின்றது. எண்ணெய் சிந்திய தரையில் மல்லாக்க வழுக்கிக்கொண்டு நான் உள்ளே வந்து சேர்ந்தேன், சிஞ்ஞோராவின் காலடிக்கு. முற்றத்தில் எல்லாச் செர்ராந்தாக்களும் மெல்ல மெல்ல உயரும் சத்தம் கேட்டது. இலவசக் காட்சிகளை விரும்புகிறவன் நான் மட்டுமில்லையே.

சிஞ்ஞோரா என்னை மேலிருந்து பார்த்தார். "நீதானா அந்தக் கட்டடக்கலை படிக்கிறவன்?"

ஓம் என்றேன். தமிழில்.

"அப்ப இதைத் திருத்து," என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திருத்தினேன். ஐரோப்பாவில் என் முதல் கட்டட வேலை அது. ஓகஸ்டில் பட்டி விற்கிற கடையைத் தேடி நகரம் முழுக்க நடந்தேன், மூடிய கடைகள் எல்லாவற்றின் வாசலும் எனக்குத் தெரியவந்தது. திரைச்சீலைகளைக் கழற்றித் தோய்த்தேன். மலைக்கு வெறுங்காலோடு ஏறினேன், அந்த வெயிலில் தார் என்னோடு கூடவே வந்தது. சிஞ்ஞோரா அக்காவிடம் சாப்பாடு பற்றியும் இஸ்திரிக்கை பற்றியும் வழமைபோலக் கதைத்தார். குவெஸ்தூரா பற்றி ஒரு சொல் இல்லை. அக்கா கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார் என்று பயம். நான் இரண்டு தடவை அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன், இரண்டு தடவையும் வெங்காயம் உரி என்றார்.

செப்டெம்பரில் அந்த நாள் வந்தது. அக்கா குவெஸ்தூரா வாசலில் நின்றார். நான் தெருவுக்கு எதிர்ப் பக்கத்தில், ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றேன். மரம் மெல்லியது, என் இரண்டு பக்கமும் வெளியே தெரிந்திருக்கும். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சிஞ்ஞோரா வந்தார். அக்காவைப் பார்த்து ஏதோ சொன்னார். அக்கா தலையைக் குனிந்தார். இருவரும் உள்ளே போனார்கள்.

என்ன சொன்னார் என்று அக்கா எனக்குப் பிறகு சொன்னார். வாக்குக் கொடுத்தபடியால் வந்தேன், மன்னித்தபடியால் இல்லை என்றாராம். திரைச்சீலை இன்னும் மணக்கிறது என்றாராம்.

அடுத்த வசந்தத்தில் அத்தானும் மகளும் வந்து இறங்கினார்கள். மகள் விமான நிலையத்தில் அக்காவைக் கண்டு வெட்கப்பட்டு அத்தானின் காற்சட்டைக்குள் முகத்தைப் புதைத்தாள். அத்தானின் பெட்டியைத் திறக்குமுன்பே அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்த முறை அக்கா சிஞ்ஞோராவிடம் கேட்டார். சிஞ்ஞோரா யோசித்தார். பிறகு, பல்கனியில் பொரிக்கட்டும், அவன்தான் பொரிக்க வேண்டும் என்றார். நான் காஸ் அடுப்போடு வெளியே போனேன். திரும்பிப் பார்த்தேன். சிஞ்ஞோரா குசினிக் கதிரை ஒன்றைச் சுவரோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் திருத்திய பட்டியை ஒரு கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசித் துண்டு பொரிந்து நான் உள்ளே வரும்வரை அவர் அதை விடவில்லை.